குண்டு எங்கே விழுந்தது? இருபடிச் சார்பின் வெட்டுத்துண்டுகளைக் கண்டுபிடிக்கும் வழி

பள்ளி மைதானத்தில் குண்டு எறிதல் நடக்கும்போது பக்கவாட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கையை விட்டுக் கிளம்பிய குண்டு மேலே ஏறும், ஓர் இடத்தில் ஏற்றம் நின்றுபோகும், பிறகு வளைந்து இறங்கி மண்ணில் பொத்தென்று விழுந்து குழி பறிக்கும். அது போன பாதையைக் கோடாக இழுத்தால் வருவது பரவளையம். அந்தக் கோட்டில் இரண்டு இடங்களைத்தான் எல்லாரும் கேட்பார்கள். குண்டு எந்த உயரத்தில் கையை விட்டது? எவ்வளவு தூரத்தில் தரையைத் தொட்டது? முதல் கேள்விக்கான பதில் ஒய் வெட்டுத்துண்டு. இரண்டாவது கேள்விக்கான பதில் எக்ஸ் வெட்டுத்துண்டு.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. என்னிடம் மாலையில் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் இருபடிச் சூத்திரத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். விடையும் சரியாக வரும். "விடையாக வந்த இந்த 16, படத்தில் எங்கே இருக்கிறது, விரல் வைத்துக் காட்டு" என்றால்தான் விரல் தாளுக்கு மேலே அலையும். விடை தெரிந்தும் இடம் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு விடையையும் படத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே போவோம். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும்.

குறியீடுகளை வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்: எக்ஸ், ஒய், ஏ, பி, சி. உங்கள் நோட்டில் வழக்கமான எழுத்துகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்² என்பது எக்ஸ் ஸ்கொயர். இருபடிச் சார்பின் பொது வடிவம் இது:

ஒய் = ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி

இதில் ஏ பூச்சியமாக இருக்கக் கூடாது. இருந்தால் எக்ஸ்² காணாமல் போய், வளைகோடு நேர்கோடாகிவிடும். ஏ மிகை எண் என்றால் பரவளையம் கிண்ணம்போல் மேல்நோக்கித் திறந்திருக்கும். குறை எண் என்றால் கவிழ்த்த கிண்ணம். எறிந்த குண்டின் பாதை கவிழ்த்த கிண்ணம்தான்.

நம் மைதானத்துக் குண்டுக்கு ஒரு சமன்பாடு வைத்துக்கொள்வோம்:

ஒய் = −0.05எக்ஸ்² + 0.7எக்ஸ் + 1.6

எக்ஸ் என்பது கை இருந்த இடத்திலிருந்து முன்னோக்கி எத்தனை மீட்டர் என்பது. ஒய் என்பது தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பது. எண்கள் நான் அமைத்தவை, ஆனால் நம்பத்தகாதவை அல்ல: சுமார் 35 பாகைச் சாய்வில், நொடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர் வேகத்தில் எறிந்தால் பாதை இப்படித்தான் அமையும். எறிபொருளின் பாதை பரவளையம் என்று கலிலியோ 1638இல் வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 1637இல், பிரெஞ்சுக் கணித அறிஞர் தெக்கார்த்து வளைகோடுகளைச் சமன்பாடுகளாக எழுதும் வழியை வெளியிட்டிருந்தார். அந்த இரண்டும் சேர்ந்ததால்தான் மைதானத்தில் நடப்பதைத் தாளில் கணக்காகப் போட முடிகிறது.

எதைப் பூச்சியமாக்குவது?

தாளில் குறுக்கே படுத்திருப்பது எக்ஸ் அச்சு, நிமிர்ந்து நிற்பது ஒய் அச்சு. வளைகோடு இந்த அச்சுகளைச் சந்திக்கும் இடங்களே வெட்டுத்துண்டுகள்.

எக்ஸ் அச்சை நம் கணக்கில் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடக்கும் குண்டுக்கு உயரம் ஏது? உயரம் பூச்சியம், அதாவது ஒய் = 0. எனவே எக்ஸ் வெட்டுத்துண்டு வேண்டுமென்றால் ஒய்யைப் பூச்சியமாக்க வேண்டும். ஒய் அச்சு, கை இருந்த இடத்தில் நட்ட கம்பம். கம்பத்தின் மேலே எங்கே இருந்தாலும் முன்னோக்கிப் போன தூரம் பூச்சியம், அதாவது எக்ஸ் = 0. எனவே ஒய் வெட்டுத்துண்டு வேண்டுமென்றால் எக்ஸைப் பூச்சியமாக்க வேண்டும்.

தேடுவது ஒன்று, பூச்சியமாக்குவது மற்றொன்று. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். இதை விதியாக மனப்பாடம் செய்தால் தேர்வு நேரத்தில் திரும்பிப்போய்விடும். தரையும் கம்பமும் மனத்தில் இருந்தால் திரும்பாது.

புள்ளியாக எழுதும்போதும் கவனம் வேண்டும். ஒய் வெட்டுத்துண்டு 1.6 என்றால் புள்ளி (0, 1.6). எக்ஸ் வெட்டுத்துண்டு 16 என்றால் புள்ளி (16, 0). அடைப்புக்குள் முதலில் வருவது எப்போதும் எக்ஸ்தான். (1.6, 0) என்று மாற்றி எழுதினால் கையிலிருந்த குண்டைத் தரையில் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒய் வெட்டுத்துண்டு

இது ஒரே வரி வேலை. எக்ஸ் இருக்குமிடமெல்லாம் 0 போடுங்கள்.

ஒய் = −0.05(0)² + 0.7(0) + 1.6 = 1.6

குண்டு 1.6 மீட்டர் உயரத்தில் கையை விட்டிருக்கிறது. எக்ஸ் உள்ள இரண்டு உறுப்புகளும் மறைந்து சி மட்டும் மிஞ்சும் என்பதால், பொது வடிவத்தில் இருக்கும் எந்தச் சார்பிலும் சிதான் ஒய் வெட்டுத்துண்டு. குறியையும் சேர்த்தே எடுங்கள்: ஒய் = எக்ஸ்² + 2எக்ஸ் − 15 என்றால் விடை −15, வெறும் 15 அல்ல.

ஆனால் "கடைசியில் இருக்கும் எண்தான் விடை" என்று பழகிக்கொள்ளாதீர்கள். ஒய் = (எக்ஸ் − 3)² − 4 என்று கொடுத்தால் கடைசி எண் −4. எக்ஸ் = 0 போட்டுப் பார்த்தால் (−3)² − 4 = 9 − 4 = 5. ஒய் வெட்டுத்துண்டு 5. அதேபோல ஒய் = 2(எக்ஸ் − 1)(எக்ஸ் + 5) என்றால் 2 × (−1) × 5 = −10. எந்த வடிவமாக இருந்தாலும் பூச்சியத்தைப் போட்டுப் பார்ப்பது ஒன்றே ஏமாற்றாத வழி.

இருபடிச் சார்புக்கு ஒய் வெட்டுத்துண்டு எப்போதும் ஒன்று உண்டு, ஒன்றுதான் உண்டு. எக்ஸுக்கு 0 என்று கொடுத்தால் ஒய்க்கு ஒரே ஒரு மதிப்புதானே வரும்?

எக்ஸ் வெட்டுத்துண்டு

வேலை இங்கேதான் இருக்கிறது. ஒய்யைப் பூச்சியமாக்கியதும் சார்பு சமன்பாடாகிவிடும்:

ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி = 0

இதற்கு வரும் விடைகளைப் பாடநூல் மூலங்கள் என்று சொல்லும். மெய்யெண்ணாக வரும் மூலங்களே எக்ஸ் வெட்டுத்துண்டுகள். எடுத்த எடுப்பில் சூத்திரத்துக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. சமன்பாட்டின் முகத்தைப் பார்த்தாலே பாதி நேரம் எளிய வழி தெரிந்துவிடும்.

சி இல்லாவிட்டால் எக்ஸைப் பொதுக்காரணியாக வெளியே எடுங்கள்.

எக்ஸ்² − 5எக்ஸ் = 0
எக்ஸ்(எக்ஸ் − 5) = 0

இரண்டு எண்களைப் பெருக்கிப் பூச்சியம் வந்தால் அவற்றில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே தீர வேண்டும். எக்ஸ் = 0, அல்லது எக்ஸ் = 5. இங்கே இரு பக்கத்தையும் எக்ஸால் வகுத்து எக்ஸ் = 5 என்று முடித்துவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அப்படி வகுத்தால் 0 என்ற விடை தொலைந்துபோகும். எக்ஸ் பூச்சியமாக இருக்கலாம் எனும்போது அதனால் வகுக்க நமக்கு உரிமை இல்லை. இந்தப் பரவளையம் ஆதிப்புள்ளி வழியாகவே, அதாவது இரண்டு அச்சுகளும் சந்திக்கும் (0, 0) வழியாகவே போகிறது. அதைத் தொலைத்தால் படமே மாறிவிடும்.

பிஎக்ஸ் இல்லாவிட்டால் எக்ஸ்²ஐத் தனியாக்கி வர்க்கமூலம் எடுங்கள். 2எக்ஸ்² − 18 = 0 என்றால் எக்ஸ்² = 9, எக்ஸ் = 3 அல்லது −3. மைனஸ் மூன்றை மறக்காதீர்கள். பரவளையத்தின் இடது கையும் தரையைத் தொடுகிறது.

மூன்று உறுப்புகளும் இருந்தால் முதலில் காரணிப்படுத்த முடிகிறதா என்று பாருங்கள்.

எக்ஸ்² − 6எக்ஸ் + 8 = 0

பெருக்கினால் 8, கூட்டினால் −6 வரும் இரண்டு எண்கள் எவை? பெருக்கல் மிகை என்பதால் இரண்டுக்கும் ஒரே குறி. கூட்டல் குறை என்பதால் அந்தக் குறி மைனஸ். −2, −4 பொருந்துகின்றன.

(எக்ஸ் − 2)(எக்ஸ் − 4) = 0
எக்ஸ் = 2 அல்லது எக்ஸ் = 4

அடைப்புக்குள் மைனஸ், விடையில் பிளஸ். ஏன் குறி மாறுகிறது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: எக்ஸ் − 2 பூச்சியமாக வேண்டுமென்றால் எக்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும்? அதைச் சொல்லிவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எக்ஸ்²க்கு முன்னால் அதைப் பெருக்கும் எண், அதாவது கெழு, இருந்தால் நடு உறுப்பைப் பிரிக்க வேண்டும். 2எக்ஸ்² − 7எக்ஸ் + 3 = 0 என்பதில் முதல் கெழுவையும் கடைசி எண்ணையும் பெருக்கினால் 6. பெருக்கம் 6, கூட்டல் −7 வரும் எண்கள் −6, −1.

2எக்ஸ்² − 6எக்ஸ் − எக்ஸ் + 3 = 0
2எக்ஸ்(எக்ஸ் − 3) − 1(எக்ஸ் − 3) = 0
(எக்ஸ் − 3)(2எக்ஸ் − 1) = 0

எக்ஸ் = 3 அல்லது எக்ஸ் = 1/2. இரண்டாவது வரியில் இரண்டு அடைப்புகளும் ஒன்றுபோல வராவிட்டால் குறியில் எங்கோ தவறு நடந்திருக்கிறது. அங்கேயே நின்று திருத்துங்கள், மேலே போக வேண்டாம்.

இரண்டு நிமிடம் தேடியும் எண்கள் அகப்படவில்லை என்றால் சூத்திரத்துக்குப் போய்விடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காரணிப்படுத்த வராத சமன்பாடுகளே உலகத்தில் அதிகம்.

சூத்திரம் எங்கிருந்து வந்தது

எக்ஸ் = (−பி ± √(பி² − 4ஏசி)) / 2ஏ

இதைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. இந்த வடிவத்தைப் பார்த்தால் வானத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்கும். உண்மையில் இதற்குப் பின்னால் அழகான, சின்னஞ்சிறு உத்தி ஒன்று இருக்கிறது. இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் விதியை கி.பி. 628இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் எழுதிவைத்தார். பின்னர் வந்த ஸ்ரீதரர் அதே விடையைப் பின்னங்களே வராமல் பெறும் வழி ஒன்றைச் சொன்னார். அதை அவர் எழுதிய இயற்கணித நூல் இன்று கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் எடுத்துக்காட்டியதால் அந்த விதி நமக்கு எஞ்சியது. பிரேசில் நாட்டுப் பள்ளிகளில் இந்தச் சூத்திரத்தைப் பாஸ்கரர் சூத்திரம் என்றே சொல்லித்தருகிறார்கள்.

எண்களோடு செய்து பார்ப்போம்.

3எக்ஸ்² + 5எக்ஸ் − 1 = 0

ஸ்ரீதரர் சொல்வது: எக்ஸ்² கெழுவின் நான்கு மடங்கால் இரு பக்கமும் பெருக்கு. இங்கே 4 × 3 = 12.

36எக்ஸ்² + 60எக்ஸ் − 12 = 0
36எக்ஸ்² + 60எக்ஸ் = 12

அடுத்து, தொடக்கத்தில் எக்ஸுக்கு இருந்த கெழுவின் வர்க்கத்தை இரு பக்கமும் கூட்டு. அது 5 × 5 = 25.

36எக்ஸ்² + 60எக்ஸ் + 25 = 37

இடது பக்கத்தைப் பாருங்கள். அது அப்படியே (6எக்ஸ் + 5)². விரித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

(6எக்ஸ் + 5)² = 37
6எக்ஸ் + 5 = ±√37
எக்ஸ் = (−5 ± √37) / 6

√37 ஏறத்தாழ 6.083. விடைகள் சுமார் 0.18, −1.85. வழக்கமான வர்க்கப்பூர்த்தி முறையில் போயிருந்தால் 5/6, 25/36 என்று பின்னங்களோடு மல்லாடியிருக்க வேண்டும். இங்கே ஒரு பின்னம்கூட வரவில்லை, கடைசி வகுத்தலைத் தவிர.

இதையே 3, 5, −1 என்ற எண்களுக்குப் பதிலாக ஏ, பி, சி என்று வைத்து, அதே நான்கு வரிகளை எழுதிப் பாருங்கள். (2ஏஎக்ஸ் + பி)² = பி² − 4ஏசி என்று வரும். அடுத்த வரியிலேயே சூத்திரம் நிற்கும். ஒருமுறை சொந்தக் கையால் வருவித்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. மறந்தாலும் அரைப் பக்கத்தில் திரும்ப வருவித்துவிடலாம்.

சூத்திரத்தில் எண்களைப் போடும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் அடைப்புப் போடுங்கள். எக்ஸ்² − 4எக்ஸ் + 1 = 0 என்பதில் பி = −4. ஆகவே −பி என்பது −(−4), அதாவது 4. பி² என்பது (−4)², அதாவது 16. கால்குலேட்டரில் அடைப்பில்லாமல் −4² என்று தட்டினால் பல கருவிகள் −16 என்றுதான் காட்டும். 16 − 4 = 12, எனவே எக்ஸ் = (4 ± √12) / 2 = 2 ± √3. சுமார் 3.73, 0.27. அந்த 2ஏ மேலே உள்ள முழுவதையும் வகுக்கிறது என்பதையும் கவனியுங்கள். வர்க்கமூலத்தின் அடியில் மட்டும் குட்டிக் கோடு போட்டால் விடை தவறிவிடும்.

தரையைத் தொடுகிறதா, தொடவில்லையா?

வர்க்கமூலத்துக்குள் இருக்கும் பி² − 4ஏசி என்பதற்குத் தன்மைகாட்டி என்று பெயர். அதை மட்டும் முதலில் கணக்கிட்டால் எத்தனை எக்ஸ் வெட்டுத்துண்டுகள் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். மிகை என்றால் இரண்டு, பூச்சியம் என்றால் ஒன்று, குறை என்றால் இல்லை. இதைப் பட்டியலாகப் படிப்பதைவிட மூன்று சார்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

ஒய் = எக்ஸ்² − 6எக்ஸ் + 8
ஒய் = எக்ஸ்² − 6எக்ஸ் + 9
ஒய் = எக்ஸ்² − 6எக்ஸ் + 10

மாறியிருப்பது கடைசி எண் மட்டும். முதலாவதற்குத் தன்மைகாட்டி 36 − 32 = 4. வெட்டுத்துண்டுகள் 2, 4 என்று மேலே பார்த்தோம். இரண்டாவதற்கு 36 − 36 = 0. அது (எக்ஸ் − 3)², விடை 3 மட்டும். மூன்றாவதற்கு 36 − 40 = −4. குறை எண்ணுக்கு மெய்யெண் வர்க்கமூலம் கிடையாது, ஆகவே வெட்டுத்துண்டு இல்லை.

இப்போது மூன்றையும் ஒரே தாளில் வரையுங்கள். மூன்றும் ஒரே கிண்ணம்! சியை ஒன்று கூட்டும்போது கிண்ணம் முழுவதும் ஒரு படி மேலே தூக்கப்படுகிறது. முதல் படத்தில் கிண்ணத்தின் அடி (3, −1), தரைக்குக் கீழே. அதனால் இரண்டு கைகளும் தரையை வெட்டி மேலே வருகின்றன. அடுத்ததில் அடி (3, 0), தரையில் உட்கார்ந்திருக்கிறது, ஒரே இடத்தில் தொடுகிறது. மூன்றாவதில் அடி (3, 1), அந்தரத்தில் நிற்கிறது. தரையைத் தொடவே இல்லை. ஒய் வெட்டுத்துண்டுகளும் 8, 9, 10 என்று ஒவ்வொரு படியாக ஏறுகின்றன. தன்மைகாட்டி என்ற எண் என்ன சொல்கிறது என்பதை இந்த ஒரு படத்தைவிடத் தெளிவாக எனக்குக் காட்டத் தெரியாது.

வெட்டுத்துண்டு இல்லை என்பதும் முழுமையான விடைதான். தன்மைகாட்டி குறையாக வந்ததும் கணக்கு தப்பு என்று எண்ணி எல்லாவற்றையும் அடித்துவிட்டு வெற்றுத்தாளாகக் கொடுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "தன்மைகாட்டி −4, எனவே எக்ஸ் அச்சை வெட்டாது" என்று எழுதுங்கள். மேல்வகுப்பில் கலப்பெண்கள் வரும்போது இதற்கும் மூலங்கள் உண்டு என்று படிப்பீர்கள். அப்போதும் அவற்றுக்கு இந்தத் தாளின் எக்ஸ் அச்சில் இடம் கிடையாது.

ஏயும் சியும் எதிரெதிர்க் குறியோடு இருந்தால் தன்மைகாட்டியைக் கணக்கிடக்கூட வேண்டாம். இரண்டு எக்ஸ் வெட்டுத்துண்டுகள் நிச்சயம் உண்டு, ஒன்று ஆதிப்புள்ளிக்கு இடப்புறம், மற்றது வலப்புறம். நம் குண்டையே பாருங்கள்: ஒய் அச்சில் 1.6 உயரத்தில் இருக்கிறது, கிண்ணமோ கவிழ்ந்தது. தரைக்கு மேலே இருக்கும் கவிழ்ந்த கிண்ணம் இரு பக்கமும் இறங்கித் தரையைத் தொடாமல் எங்கே போகும்?

மைதானத்துக்குத் திரும்புவோம்

−0.05எக்ஸ்² + 0.7எக்ஸ் + 1.6 = 0

தசமங்களோடு போராட வேண்டாம். இரு பக்கத்தையும் −20ஆல் பெருக்குங்கள்.

எக்ஸ்² − 14எக்ஸ் − 32 = 0
(எக்ஸ் − 16)(எக்ஸ் + 2) = 0
எக்ஸ் = 16 அல்லது எக்ஸ் = −2

குண்டு 16 மீட்டரில் விழுந்தது. மைதானத்தில் நாடா பிடிப்பவர்கள் வட்டத்தின் முன்னால் இருக்கும் தடுப்புப் பலகையின் உள்விளிம்பிலிருந்து அளப்பார்கள். கை அதற்குச் சற்று முன்னால் நீண்டிருக்கும் என்பதால் நடுவர் சொல்லும் தூரம் இதிலிருந்து கொஞ்சம் மாறும்.

சரி, அந்த −2? "மைனஸ் தூரம் கிடையாது, அடித்துவிடு" என்று சொல்லிவிடுவது வழக்கம். கேட்ட கேள்வி குண்டு விழுந்த தூரம் என்றால் அடிப்பது சரிதான். ஆனால் சார்பின் எக்ஸ் வெட்டுத்துண்டுகளைக் கேட்டால் இரண்டையும் எழுத வேண்டும். அந்த −2க்கும் பொருள் இருக்கிறது. குண்டின் பாதையைக் கையிலிருந்து பின்னோக்கி அதே வளைவில் நீட்டிக்கொண்டு போனால், கை இருந்த இடத்துக்கு 2 மீட்டர் பின்னால் அது தரையில் முட்டும். அதாவது அந்த இடத்தில் தரையிலிருந்தே கிளம்பிய குண்டு ஒன்று, கை இருந்த இடத்தைக் கடந்து, இதே பாதையில் போயிருக்கும். எறிதல் நடக்காத பகுதி அது. கணக்குக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளைகளே மாட்டிக்கொள்ளும் இடம் இது. −20ஆல் பெருக்கி எளிதாக்கிய பின், அந்தப் புதிய வரியிலிருந்து ஒய் வெட்டுத்துண்டு −32 என்று எழுதிவிடுவார்கள். ஒரு பக்கம் பூச்சியமாக இருக்கும் சமன்பாட்டை எந்த எண்ணால் பெருக்கினாலும் (பூச்சியத்தைத் தவிர) மூலங்கள் மாறாது, ஏனென்றால் பூச்சியத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூச்சியம்தான். ஆனால் ஒய் = எக்ஸ்² − 14எக்ஸ் − 32 என்பது வேறொரு சார்பு. கிண்ணம் நிமிர்ந்துவிட்டது, உயரங்கள் 20 மடங்காகிவிட்டன. தரையைத் தொடும் இரண்டு இடங்கள் மட்டும் பழையவை. ஒய் வெட்டுத்துண்டைக் கொடுத்த சார்பிலிருந்தே எடுங்கள், அதுவும் முதலிலேயே எடுத்து ஓரமாக எழுதிவைத்துவிடுங்கள்.

விடையிலிருந்து படத்துக்கு

வெட்டுத்துண்டுகள் கையில் இருந்தால் வரைவது சுலபம். பரவளையம் சமச்சீரானது. இரண்டு எக்ஸ் வெட்டுத்துண்டுகளுக்கும் நட்டநடுவே சமச்சீர் அச்சு நிற்கும். 16, −2 இரண்டுக்கும் நடு (16 + (−2)) / 2 = 7. எக்ஸ் = 7 என்று சார்பில் போட்டால் −2.45 + 4.9 + 1.6 = 4.05. குண்டு ஏறிய உச்ச உயரம் 4.05 மீட்டர், முனை (7, 4.05). ஒய் வெட்டுத்துண்டுக்கும் ஒரு இரட்டைப் புள்ளி உண்டு: (0, 1.6) சமச்சீர் அச்சுக்கு 7 மீட்டர் இடப்புறம் இருப்பதால், 7 மீட்டர் வலப்புறம் (14, 1.6) இருந்தாக வேண்டும். இறங்கும் குண்டு 14ஆவது மீட்டரில் மறுபடி கை உயரத்துக்கு வருகிறது. ஐந்து புள்ளிகள் கிடைத்துவிட்டன. சேர்த்து வரையுங்கள், ஸ்கேல் வைக்காமல் கையாலேயே. முனையில் கூர்மை வரக் கூடாது.

தேர்வில் வரைபடத்தாளில் வரையச் சொன்னாலும் இதே வரிசையைப் பின்பற்றுங்கள் என்பேன். கண்ணை மூடிக்கொண்டு −4 முதல் 4 வரை அட்டவணை போடுவது பலருக்குப் பழக்கம். எக்ஸ்² − 6எக்ஸ் + 8க்கு அப்படிப் போட்டால் −4இல் ஒய் 48 வரும். தாள் பத்தாது, முனைக்கு வலப்புறம் ஒரே ஒரு புள்ளியோடு படமும் நொண்டும். வெட்டுத்துண்டுகள் 2, 4 என்று முதலில் தெரிந்துகொண்டால் 0 முதல் 6 வரை அட்டவணை போதும் என்பது தானாகத் தெரியும்.

சரிபார்க்கவும் ஒரு குறுக்குவழி இருக்கிறது. இரண்டு மூலங்களைக் கூட்டினால் −பி/ஏ, பெருக்கினால் சி/ஏ வர வேண்டும். நம் கணக்கில் கூட்டல் 14. −0.7ஐ −0.05ஆல் வகுத்தால் 14. பெருக்கல் −32. 1.6ஐ −0.05ஆல் வகுத்தால் −32. பத்து நொடி வேலை. தசமமாக வந்த விடைகளுக்கு இது ரொம்ப உதவும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

விடைகளையும் தருகிறேன், ஆனால் வரைந்து பார்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

ஒய் = எக்ஸ்² + 2எக்ஸ் − 15. எக்ஸ் அச்சை −5, 3 ஆகிய இடங்களில் வெட்டும், ஒய் அச்சை −15இல்.

ஒய் = −எக்ஸ்² + 4எக்ஸ். எக்ஸ் வெட்டுத்துண்டுகள் 0, 4. ஒய் வெட்டுத்துண்டு 0. ஆதிப்புள்ளி இரண்டு வேலையும் செய்கிறது.

ஒய் = 4எக்ஸ்² − 12எக்ஸ் + 9. தன்மைகாட்டி பூச்சியம். 3/2இல் தரையைத் தொட்டுவிட்டு மேலே போய்விடும். ஒய் வெட்டுத்துண்டு 9.

ஒய் = எக்ஸ்² + எக்ஸ் + 1. தன்மைகாட்டி −3, எக்ஸ் அச்சை வெட்டாது. ஒய் வெட்டுத்துண்டு 1.

ஒய் = (எக்ஸ் + 2)² − 7. இதை விரிக்க வேண்டிய தேவையே இல்லை. (எக்ஸ் + 2)² = 7, எனவே எக்ஸ் = −2 ± √7, சுமார் 0.65, −4.65. ஒய் வெட்டுத்துண்டு 4 − 7 = −3.

கடைசியாக மைதானத்துக் கணக்கு ஒன்று. அதே வேகம், அதே சாய்வு, ஆனால் எறிபவர் முன்னவரைவிட 20 சென்டிமீட்டர் உயரமானவர். குண்டு 1.8 மீட்டர் உயரத்தில் கையை விடுகிறது. மாறுவது சி மட்டும்: ஒய் = −0.05எக்ஸ்² + 0.7எக்ஸ் + 1.8. பழையபடி −20ஆல் பெருக்கினால் எக்ஸ்² − 14எக்ஸ் − 36 = 0. காரணிப்படுத்த வராது. சூத்திரத்தில் போட்டால் எக்ஸ் = 7 ± √85, விழுந்த தூரம் சுமார் 16.22 மீட்டர். கை 20 சென்டிமீட்டர் ஏறியதற்குக் குண்டு ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் கூடுதலாகப் போயிருக்கிறது. கை உயரம் 2 மீட்டர் என்றால் எவ்வளவு போகும்?